நானோ ஃபில்டர் போட்டா குரோமியம் போயிடுமா? ராணிப்பேட்டை பக்கத்து போர் தண்ணி, கொஞ்சம் உதவி பண்ணுங்க

பாலாறு_பொண்ணு | திங்கள் காலை 7:12

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ரொம்ப தூரம் இல்ல. ஊர் பேர் வேணாம், விட்டுடுறேன். எங்க போர் தண்ணி பக்கெட்ல புடிச்சா லேசா எலுமிச்ச மஞ்சள் கலர்ல இருக்கும், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் பாத்திருக்கோம். குடிக்க கேன் தண்ணிதான். ஆனா பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க எல்லாம் இதுதான். இப்ப அண்ணன் குடும்பம் வந்து சேர்ந்திருக்காங்க, குழந்தைக்கு ஒன்றரை வயசு, கேன் தண்ணி பத்த மாட்டேங்குது, அண்ணி ஒரு நாள் அவசரத்துக்கு அந்த தண்ணியிலயே அரிசி களைஞ்சு உலை வச்சிட்டாங்க, அப்பதான் எனக்கு அதுல குரோமியம் இருக்குமோன்னு பகீர்னு ஆச்சு.

போன வாரம் ஒருத்தர் வீட்டுக்கு வந்து டெமோ காட்டினார். நானோ டெக்னாலஜி ஃபில்டராம், எல்லா கன உலோகமும் போயிடுமாம், விலை பதினெட்டாயிரம். ஒரு சின்ன மீட்டர வச்சு முன்னாடி 900, அப்புறம் 70னு காட்டினார். அப்பா ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டார். நானோன்னா நிஜமாவே வேலை செய்யுமா, இல்ல சும்மா பேரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தெளிந்தநீர் | திங்கள் காலை 8:40

ஒரு நல்ல ஆர்ஓ வாங்கி மாட்டுங்க சிஸ்டர், நானோ எல்லாம் எதுக்கு. டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பு, நூறுக்கு கீழ வந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தம். எங்க வீட்ல பத்து வருஷமா அதான் ஓடுது.

லேப்_அக்கா | திங்கள் காலை 9:05

தெளிந்தநீர் தம்பி, ஆர்ஓ பத்தி நீங்க சொல்றதுல பாதி சரி, டிடிஎஸ் பத்தி சொன்னது தப்பு. நான் பதினாலு வருஷமா தண்ணி பரிசோதனை கூடத்துல வேலை பாக்குறேன், தினம் இந்த குழப்பத்தோடதான் ஆளுங்க வராங்க.

அந்த மீட்டர் பாக்குறது தண்ணியில எவ்ளோ மின்சாரம் பாயுதுங்கறது மட்டும்தான். அதை வச்சு மொத்த உப்பு இவ்ளோ இருக்கும்னு கணக்கு போட்டு காட்டும். சாதா உப்பு, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 900 மில்லிகிராம். குரோமியத்துக்கு இந்திய தரநிலை வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 0.01, காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001. தொள்ளாயிரத்துல 0.05 ஏறினாலும் இறங்கினாலும் அந்த மீட்டர் முள்ளு அசையாது. டிடிஎஸ் 60 இருக்கற தண்ணியில விஷம் இருக்கலாம், 900 இருக்கறதுல இல்லாமலும் இருக்கலாம். அந்த ஆள் காட்டின டெமோ உப்பு குறைஞ்சத காட்டுது, அவ்ளோதான். குரோமியத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

பாலாறு கண்ணு, முதல்ல ஒண்ணு சொல்லு. தண்ணி புடிச்ச உடனே மஞ்சளா இருக்கா, இல்ல வச்சு வச்சு மஞ்சளா ஆகுதா? அடியில துரு மாதிரி படியுதா?

பாலாறு_பொண்ணு | திங்கள் காலை 9:31

புடிச்ச உடனேயே மஞ்சள்தான் அக்கா. தெளிவா, கண்ணாடி மாதிரி, ஆனா மஞ்சள். ராத்திரி பூரா வச்சாலும் அடியில ஒண்ணும் படியாது.

லேப்_அக்கா | திங்கள் காலை 9:50

அப்போ இரும்பா இருக்க வாய்ப்பு குறைவு. இரும்புன்னா புடிக்கும்போது தெளிவா வரும், காத்து பட்டதும் கலங்கி பழுப்பாகி அடியில உக்காரும். தெளிஞ்ச மஞ்சள், படியவே படியாதுன்னா அது குரோமேட்டா இருக்கலாம், அதாவது ஆறு இணைதிறன் குரோமியம். குரோமியம் தண்ணியில ஆறு, மூணுனு ரெண்டு நிலையில வரும், ஆறுதான் விஷம் அதிகம். கண்ணுக்கு மஞ்சள் தெரியுதுன்னாலே வரம்புக்கு எத்தனையோ மடங்கு மேல இருக்கும்னு வச்சுக்கோ. ரிப்போர்ட் வர வரைக்கும் அந்த தண்ணி சமையலுக்கு வேணாம், அரிசி களையவும் வேணாம், குழந்தைய அதுல குளிப்பாட்டவும் வேணாம். காய்ச்சினா சரியாயிடும்னு யாராவது சொல்வாங்க, நம்பாத. உலோகம் ஆவியா போகாது, தண்ணிதான் வத்தும், அப்ப மிச்சத்துல அது இன்னும் அடர்த்தியா நிக்கும்.

சாம்பிள் எடுக்கறது இப்படி. மோட்டார் போட்டு அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டுட்டு புடி. ரெண்டு பிளாஸ்டிக் பாட்டில் லேப்லயே கேட்டு வாங்கு. மொத்த உலோகத்துக்கான பாட்டில்ல நைட்ரிக் அமிலம் போட்டு தருவாங்க, உலோகம் பாட்டில் சுவத்துல ஒட்டாம இருக்க. ஆறு குரோமியத்துக்கான பாட்டில்ல அமிலம் கூடவே கூடாது, போட்டா ஆறு மூணா மாறிடும், ரிப்போர்ட் பொய் சொல்லும். ஐஸ்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துடு. அங்க டைஃபினைல்கார்பசைடுனு ஒண்ணு சேர்ப்பாங்க, ஆறு குரோமியம் இருந்தா ஊதா கலர் வரும், கலர் எவ்ளோ அழுத்தமோ அவ்ளோ அளவு.

துருவும்_நானும் | திங்கள் மதியம் 1:18

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் சென்னையில இரும்பு நானோ துகள் வச்சு பிஎச்டி பண்ணவன், நானோங்கறது சும்மா பேரான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

வெறும் பேர் இல்லங்க. ஒரு சென்டிமீட்டர் அளவு இரும்பு கனசதுரத்த எடுத்துக்கங்க, சக்கரைக்கட்டி மாதிரி. அதுக்கு வெளிப்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் துண்டா நறுக்கிட்டீங்கன்னா (நானோமீட்டர்னா மீட்டர்ல நூறு கோடியில ஒரு பங்கு) மொத்த பரப்பு 600 சதுர மீட்டர் ஆயிடும். நம்ம கணக்குல கிட்டத்தட்ட பதினஞ்சு சென்ட் மனை. அதே சக்கரைக்கட்டி எடைதான், ஆனா ஒட்டிக்க இடம் பதினஞ்சு சென்ட். கன உலோக அயனிகள் வந்து ஒட்டறது இந்த பரப்புலதான். நானோவோட பலத்துல பெரும்பங்கு இதுதான். சின்ன துகள்ல வெளில நிக்கற அணுக்கள் அதிகம், அதுங்க வினைக்கும் சுறுசுறுப்பா இருக்கும்.

ஆனா எந்த பரப்புல எது ஒட்டும்ங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. ஆர்சனிக்குக்கு இரும்பு ஆக்சைடு பரப்புனா உயிர், நேரா இரும்போடயே பிணைப்பு போட்டு உக்காந்துடும். குரோமேட் அதே பரப்புல அவ்ளோ இறுக்கமா ஒட்டாது, தண்ணியில சல்பேட் அதிகம் இருந்தா அது வந்து இடத்த புடிச்சுக்கும், பிஎச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, ஏற ஏற இன்னும் குறையும். பாதரசத்துக்கு கந்தகம்னா கொள்ளப் பிரியம், அதனாலதான் தயோல்ங்கற கந்தகக் கூட்டம் ஒட்டின நுண்துளை சிலிக்கா 1997லயே அமெரிக்காவுல பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகத்துல பண்ணாங்க. அதனால "எல்லா கன உலோகமும் போகும்"னு ஒரே ஃபில்டர ஒருத்தர் விக்க வந்தா, எந்த உலோகம், எந்த நிலையில, எவ்ளோ லிட்டர் வரைக்கும்னு மூணு கேள்வி கேளுங்க. பதில் எழுத்துல இல்லன்னா வாங்காதீங்க.

ஆறு குரோமியத்துக்கு சரியான வழி ஒட்ட வைக்கறது மட்டும் இல்ல, மாத்தறது. பூஜ்ய இணைதிறன் இரும்பு, அதாவது இன்னும் துருவா மாறாத பச்ச இரும்பு, அத நானோ அளவுல பண்ணா கன்னங்கரேல்னு இருக்கும். அது தன்னோட எலக்ட்ரான குரோமேட்டுக்கு குடுத்து அத மூணு குரோமியமா மாத்திடும். மூணு குரோமியம் நடுநிலை பிஎச்ல கரையாது, இரும்போட சேர்ந்து ஹைட்ராக்சைடா படிஞ்சுடும். பேராசிரியர் வெய்ஷியன் ஜாங் அமெரிக்காவுல லீஹை பல்கலைக்கழகத்துல 1997 வாக்குல இந்த நானோ இரும்ப தண்ணி சுத்திகரிப்புக்கு கொண்டு வந்தார், அதுக்கப்புறம் உலகம் பூரா ஆயிரக்கணக்குல ஆய்வு வந்துடுச்சு.

கரிமூட்டம் | திங்கள் மாலை 4:02

அண்ணா நான் எம்எஸ்சி ரெண்டாவது வருஷம். இதே நானோ இரும்ப தேங்கா ஓட்டு கரி மேல ஏத்தி ப்ராஜெக்ட் பண்றேன். கிராமுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல குரோமியம் புடிக்குதுனு ரிசல்ட் வந்திருக்கு. அக்காவுக்கு நானே ஒரு சின்ன ஃபில்டர் செஞ்சு குடுக்கலாமா? ஆசையா இருக்கு.

துருவும்_நானும் | திங்கள் மாலை 5:27

தம்பி, ஆசை நல்லது, நல்லா பண்ணியிருக்க, கரி மேல ஏத்தினது புத்திசாலித்தனம், ஏன்னா வெறும் நானோ இரும்பு காந்தம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாயிடும், பதினஞ்சு சென்ட்டும் போயிடும். ஆனா அந்த நூறு மில்லிகிராம் எந்த தண்ணியில வந்துச்சுனு யோசி. காய்ச்சி வடிச்ச தண்ணி, பிஎச் மூணு, குரோமியம் லிட்டருக்கு அம்பது நூறு மில்லிகிராம், அப்படித்தானே? நானும் என் முதல் வருஷம் அப்படித்தான் பண்ணேன். உண்மையான போர் தண்ணி பிஎச் ஏழு எட்டுல இருக்கும், பைகார்பனேட், சல்பேட், சிலிக்கா எல்லாம் கலந்து கிடக்கும், இரும்பு மேல சீக்கிரமே ஒரு பூச்சு படிஞ்சு உள்ள இருக்கற இரும்பு வெளிய வர முடியாம போயிடும். உன் கைடு கிட்ட சொல்லி ராணிப்பேட்டை தண்ணியையே அஞ்சு லிட்டர் கொண்டு வந்து அதுல ஓட்டு, சும்மா குலுக்கி பாக்காம ஒரு குழாய்ல நிரப்பி சொட்டு சொட்டா விட்டு எத்தனாவது லிட்டர்ல குரோமியம் வெளிய எட்டிப்பாக்குதுனு பாரு. நம்பர் பத்துல ஒண்ணா விழுந்தாலும் மனசு விடாத, அந்த நம்பர்தான் ஊருக்கு உதவும்.

வீட்டுக்கு செஞ்சு குடுக்கறது மட்டும் வேணவே வேணாம். போரோஹைட்ரைடுங்கற ரசாயனம் போட்டு பண்றோம், மிச்சம் போரான் கழுவுப்படாம இருக்கும், காய்ஞ்ச நானோ இரும்பு காத்து பட்டா தானாவே தீப்புடிக்கும், தண்ணியோட துகளும் வெளிய வரலாம். குழந்தை இருக்கற வீடு.

வண்டல்_மண் | திங்கள் இரவு 9:44

நான் வேற பக்கத்துலேர்ந்து பேசறேன். மூணு வருஷம் மேற்கு வங்கத்துல நாடியா, முர்ஷிதாபாத் பக்கம் ஆர்சனிக் நீக்கற யூனிட் மாட்டற வேலையில இருந்தேன். அங்க தண்ணி மஞ்சளாவும் இருக்காது, நாறவும் நாறாது, இளநி மாதிரி இருக்கும், அதுதான் கொடுமை. உள்ளங்கையில ஆணி மாதிரி தடிச்சு போயி, நெஞ்சுல மழைத்துளி விழுந்த மாதிரி புள்ளி புள்ளியா நிறம் மாறி, அதுக்கப்புறம்தான் தெரியும். வங்கத்துல எழுபதுகள்ல வயித்துப்போக்குலேர்ந்து பிள்ளைகள காப்பாத்த போட்ட அடிபம்பு அத்தனையும் இமயமலை வண்டல்ல ஊறின ஆர்சனிக்க மேல கொண்டு வந்துடுச்சு. நல்லது பண்ணப் போயி நடந்தது. பங்களாதேஷ்ல பம்புக்கு பம்பு சோதிச்சு செவப்பு பெயின்ட், பச்ச பெயின்ட் அடிச்சாங்க, செவப்புன்னா குடிக்காத.

அங்கதான் நம்ம சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப் குழுவோட அம்ரித்ங்கற ஆர்சனிக் ஃபில்டர் வேலை செய்யறத கண்ணால பாத்தேன். உள்ள இருக்கறது இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடுதான், துரு மாதிரி ஒண்ணு, ஆனா சாதாரணமா வச்சா நாளாவட்டத்துல வேற வடிவத்துக்கு மாறி சக்தி குறைஞ்சுடற ஒரு நானோ வடிவம். அத கைட்டோசான்ங்கற பிசின்ல சிறைபிடிச்சு மாறாம வச்சிருக்காங்க. கைட்டோசான் எதுலேர்ந்து வருது தெரியுமா, எறா ஓடு, நண்டு ஓடு. பாத்தா மணல் மாதிரி குருணையா இருக்கும், துகள் தண்ணியில போகாது, உலை வச்சு எரிக்க வேண்டியதில்ல, சாதா வெப்பத்துல தண்ணியிலயே செய்றாங்க. மூணு நிலை ஆர்சனிக், அஞ்சு நிலை ஆர்சனிக் ரெண்டையும் புடிக்கும். மூணு நிலைக்கு மின்னூட்டம் இல்ல, அதனால நிறைய ஃபில்டர ஏமாத்திட்டு போயிடும், ஆர்ஓ கூட அத முழுசா நிறுத்தாது. அவருக்கு 2020ல பத்மஸ்ரீ, 2022ல சவூதியோட இளவரசர் சுல்தான் தண்ணி விருது எல்லாம் கிடைச்சுது, ஆனா எனக்கு விருத விட அங்க ஒரு பள்ளிக்கூட குழாய்ல பிள்ளைங்க மத்தியானம் வரிசையா நின்னு குடிச்சதுதான் இன்னும் கண்ணுல நிக்குது.

கணக்கு ஒண்ணு போட்டு பாருங்க. ஒரு வீட்டுக்கு குடிக்க சமைக்க நாளைக்கு 25 லிட்டர், அதுல லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆர்சனிக்னா, வருஷத்துக்கு மொத்தம் ஒரு கிராம் கூட வராது. குருணை கிராமுக்கு ரெண்டு மில்லிகிராம்தான் புடிக்கும்னு குறைச்சலா வச்சாலும் அரை கிலோ ஒரு வருஷத்துக்கு போதும்.

ஆனா நானோவ விட பெரிய பிரச்சினை ஆளுதான். 2005ல ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, அந்த பக்கம் மாட்டின பழைய ஆர்சனிக் நீக்கும் நிலையங்கள் பல சொன்னபடி வேலை செய்யலன்னு புட்டுப்புட்டு வச்சாங்க. நானும் பாத்தேன். யூனிட் நிக்குது, பூட்டு தொங்குது, வால்வு துருப்புடிச்சு கிடக்குது. தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு பின்கழுவ ஆள் இல்ல. சோதிக்க கிட் இல்ல. தீர்ந்து போன ஃபில்டர் தீர்ந்துடுச்சுனு கத்தாது, தண்ணி அதே மாதிரி தெளிவா வந்துட்டே இருக்கும், சனங்க நம்பி குடிச்சிட்டே இருப்பாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ சோதிக்க ஏற்பாடு இல்லாம எந்த ஃபில்டரும் மாட்டக்கூடாதுங்கறது என் கட்சி.

தெளிந்தநீர் | செவ்வாய் காலை 7:55

லேப் அக்கா, டிடிஎஸ் விஷயம் நிஜமாவே தெரியாது, நன்றி. ஆர்ஓ பாதி சரினு சொன்னீங்களே, மிச்ச பாதி என்ன?

லேப்_அக்கா | செவ்வாய் காலை 8:30

குரோமேட்டுக்கு மின்னூட்டம் இருக்கு, அதனால நல்ல நிலையில இருக்கற ஆர்ஓ சவ்வு அதுல பெரும்பகுதிய நிறுத்திடும். அது சரி பாதி. மிச்ச பாதி, நிறுத்தினது எங்க போகுது? கழிவு குழாய்ல. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய தள்ளும், அதுல குரோமியம் முன்ன விட அடர்த்தியா இருக்கும். அத செடிக்கு ஊத்தறாங்க, வீடு தொடைக்கறாங்க, கடைசியில அதே மண்ணுக்குள்ள அதே போருக்கு போகுது. தெருவே ஆர்ஓ போட்டா தெருவே அத திருப்பி ஊத்தும்.

அகழி | செவ்வாய் காலை 10:11

இதுக்கு முன்னாடி ஒரு கேள்வி எல்லாரும் விட்டுட்டீங்க. ஒவ்வொரு வீடும் ஏன் பதினெட்டாயிரம் செலவு பண்ணணும்? ராணிப்பேட்டையில தொண்ணூறுகள்ல மூடின குரோமேட் ஆலையோட கழிவு லட்சம் டன்னுக்கு மேல திறந்தவெளியில குவிஞ்சு கிடக்குது, ஒவ்வொரு மழைக்கும் கரைஞ்சு கீழ இறங்குது. தோல் பதனிடறதுல போடறது மூணு குரோமியம், இந்த மேட்டுல இருக்கறது ஆறு குரோமியம், ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. விஷம் வர்ற வாய அடைக்காம குழாய் முனையில பஞ்சு வைக்கறது எத்தனை நாளைக்கு?

நான் சிவில்காரன். அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம் எலிசபெத் சிட்டியில கடலோர காவல்படை இடத்துல ஒரு குரோம் முலாம் பட்டறைக்கு கீழ இதே ஆறு குரோமியம் நிலத்தடியில ஆத்த நோக்கி நகர்ந்துச்சு. 1996ல அது போற வழியில குறுக்க அகழி தோண்டி இரும்புத்தூள் நிரப்பினாங்க. 46 மீட்டர் நீளம், ஏழு மீட்டருக்கு மேல ஆழம், அரை மீட்டர் சொச்சம் அகலம். தண்ணி அது பாட்டுக்கு உள்ள பூந்து போகும், குரோமியம் அங்கயே நின்னுடும். மோட்டாரும் வேணாம் கரண்டும் வேணாம். வருஷக்கணக்கா வேலை செஞ்சுது. அது சாதா இரும்புத்தூள். நானோ இரும்புன்னா அகழி கூட தோண்ட வேணாம், கூழாக்கி போர் வழியா ஆழத்துல செலுத்தலாம்.

துருவும்_நானும் | செவ்வாய் மதியம் 12:46

அகழி சார் சொன்னதுக்கு கைதட்டணும். ஒரு திருத்தம் மட்டும். நானோ இரும்ப செலுத்தினா நினைக்கற தூரம் போகாது, மண்ணுல ஒட்டி ரெண்டு மூணு மீட்டர்லயே நின்னுடும், செல்லுலோஸ் பூச்சு போட்டா கொஞ்சம் நகரும். சீக்கிரம் தீர்ந்தும் போயிடும். அதனால நீண்டகால சுவத்துக்கு சாதா இரும்புத்தூள், அடர்த்தியா மாட்டிக்கிட்ட இடத்துக்கு நானோன்னு பிரிச்சுக்கறது நல்லதுனு நினைக்கறேன். இன்னொண்ணு, மூணா மாத்தின குரோமியம் அப்படியே கிடக்கும்னும் நிம்மதியா இருக்க முடியாது, மண்ணுல மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தா மெதுவா திரும்ப ஆறாக்கும். கவனிப்பு கிணறு போட்டு பாத்துட்டே இருக்கணும். முதல்ல அந்த மேட்டு மேல மழ படாம மூடணும், இல்லன்னா சுவர் எத்தன கட்டினாலும் தாங்காது.

கரிமூட்டம் | செவ்வாய் மதியம் 2:20

தீர்ந்து போன ஃபில்டர் பொருள என்ன பண்றது? எங்க லேப்ல ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கோம், அப்புறம் யார் எடுத்துட்டு போறாங்கனு தெரியல.

வண்டல்_மண் | செவ்வாய் இரவு 8:15

நல்ல கேள்வி தம்பி, பெரிய பெரிய கூட்டத்துல கூட இத கேக்க மாட்டேங்கறாங்க. ஃபில்டர் விஷத்த அழிக்காது, இடம் மாத்தும், அவ்ளோதான். ஆயிரக்கணக்கான லிட்டர்ல கரைஞ்சு கிடந்தது ஒரு கைப்பிடிக்கு வந்துடும். அந்த கைப்பிடிய குப்பையில போட்டா மழைத்தண்ணியும் புளிச்ச குப்பைத்தண்ணியும் சேர்ந்து திரும்ப கரைக்கும். கசியுதா இல்லையானு அமிலத்தண்ணியில குலுக்கி பாக்கற சோதனை இருக்கு, அதுல தேறினா சிமென்ட்டோட கலந்து கட்டியாக்கி வைக்கலாம், இல்லன்னா அபாயக்கழிவு கிடங்குக்குத்தான். நாங்க வீட்டு கார்ட்ரிட்ஜ திரும்ப வாங்கிட்டுதான் புதுசு குடுப்போம், கேஸ் சிலிண்டர் மாதிரி. அந்த பழக்கம் இருந்த ஊர்ல மட்டும்தான் குப்பைமேட்டுல பழைய குருணை கிடக்கல.

பாலாறு_பொண்ணு | அடுத்த திங்கள் மாலை 6:38

தாமதத்துக்கு மன்னிக்கணும். லேப் அக்கா சொன்ன மாதிரியே ரெண்டு பாட்டில்ல எடுத்து ஐஸ் பெட்டியில வச்சு குடுத்தேன். அங்க இருந்தவங்க என் கண்ணு முன்னாடியே சொட்டு விட்டு காட்டினாங்க. ரெண்டு நிமிஷம் ஆகல, கத்திரிப்பூ கலருக்கு போயிடுச்சு. ரிப்போர்ட்ல வரம்ப விட பல மடங்கு, அதுல பெரும்பகுதி ஆறு குரோமியம்னு போட்டிருக்கு. இத்தன வருஷம் அம்மா கைய வச்சு கழுவின தண்ணி. அம்மாவுக்கு விரலிடுக்குல ரொம்ப நாளா ஒரு அரிப்பு புண்ணு இருக்கு, சோப்பு ஒத்துக்கலனு நினைச்சிட்டு இருந்தோம். நாளைக்கு தோல் டாக்டர் கிட்ட ரிப்போர்ட்டோட கூட்டிட்டு போறேன்.

ஃபில்டர்காரர் கிட்ட துருவும்_நானும் அண்ணா சொன்ன மூணு கேள்வியும் கேட்டேன். எந்த உலோகம்னு கேட்டதுக்கு எல்லாம்னு சொன்னார், எத்தன லிட்டர்னு கேட்டதுக்கு ஆயுசுக்கும்னு சொன்னார். அட்வான்ஸ திருப்பி கேட்டிருக்கேன், இன்னும் வரல.

இப்போதைக்கு போர் மோட்டார் ஃப்யூஸ அப்பா புடுங்கிட்டார். தெருக்குழாய்ல காவேரி தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வருது, ட்ரம் வாங்கிட்டோம், குழந்தைக்கும் சமையலுக்கும் அதான். கரிமூட்டம் தம்பி, உனக்கு அஞ்சு லிட்டர் இல்ல, அம்பது லிட்டர் வேணும்னாலும் எடுத்துட்டு போ, உன் கைடு கிட்ட கேட்டு சொல்லு. எங்க தெருவுல இன்னும் பதினோரு வீட்ல போர் இருக்கு. லேப் அக்கா, பாட்டில் மொத்தமா வாங்கினா எங்க கேக்கணும்? நாளைக்கு சாயந்திரம் நானும் அண்ணியும் ஒவ்வொரு வீடா போறோம்.

லேப்_அக்கா | அடுத்த திங்கள் மாலை 7:02

உள்பெட்டிக்கு அனுப்பியிருக்கேன் பாரு கண்ணு. அமிலம் போட்ட பாட்டில் மூடியில செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி தரச் சொல்லு, மாறிடக்கூடாது. ஒவ்வொரு பாட்டில்லயும் வீட்டு நம்பர், போர் ஆழம், எடுத்த நேரம் எழுது. காலையில எடுங்க, அப்பதான் அன்னிக்கே குடுக்க முடியும்.